கேள்வித்தாளோடு கவுன்சலரைத் தேடிப் போகிறவர்களுக்கு

சமூகப்பணி, சமூகவியல், மகளிரியல், சட்டம், செவிலியம் படிக்கும் ஆய்வு மாணவர்களுக்கும், அவர்களுடைய தலைப்புக்குக் கையெழுத்துப் போடும் வழிகாட்டிகளுக்கும் ஒரு மடல்.

ஆய்வேடு சமர்ப்பிக்கும் நாள் நெருங்க நெருங்க, மாவட்டங்களில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையங்களின் வாசலில் கல்லூரி அடையாள அட்டைகள் கூடுகின்றன. கையில் துறைத்தலைவரின் கடிதம், பையில் ஜெராக்ஸ் எடுத்த கேள்வித்தாள் கட்டு. “மேடம், பத்தே நிமிஷம்தான்.” மேடம் என்று அழைக்கப்படுகிறவர் அப்போதுதான் ஒரு பெண்ணை அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, இன்னொரு பெண்ணின் அண்ணனோடு போனில் வாதாடிக்கொண்டிருப்பார். இருந்தாலும் எல்லாக் கேள்விக்கும் டிக் போட்டுத் தருவார். படிக்கிற பிள்ளை, பாவம், வெயிலில் வந்திருக்கிறது என்ற இரக்கம்தான். அந்த டிக்குகள் அட்டவணையாகி, சதவீதமாகி, ‘பெரும்பாலான ஆலோசகர்கள் சட்டம் குறித்து நல்ல விழிப்புணர்வு கொண்டுள்ளனர்’ என்று நான்காம் அத்தியாயத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இந்த மடல் அந்த நான்காம் அத்தியாயத்தைப் பற்றியது.

வன்முறைக்கு ஆளான பெண்களை நேரடியாகப் பேட்டி காண்பதில் உள்ள ஆபத்து இன்று ஓரளவுக்கு எல்லாத் துறைகளுக்கும் தெரியும். உலக சுகாதார நிறுவனம் 2001-லேயே இதற்கென்று தனி நெறிமுறைகளை வெளியிட்டது. அடித்தவர் வீட்டில் இருக்கும்போது அடிபட்டவரிடம் கேள்வி கேட்டால், கேட்டவர் போன பிறகு இன்னொரு அடி விழலாம் என்பதுதான் அதன் சாரம். அதனால் வழிகாட்டி சொல்கிறார்: “பெண்களிடம் வேண்டாம். அவர்களுக்கு உதவுகிறவர்களிடம் கேள்.” தலைப்பு மாறிவிடுகிறது, எண்ணம் மாறுவதில்லை. பாதுகாப்பு அலுவலர், சேவை மைய ஆலோசகர், மகளிர் காவல் நிலைய எஸ்.ஐ., வார்டு நர்ஸ் என்று யாரிடம் போனாலும், அவர் வாய் வழியாக அந்தப் பெண்ணின் கதையை வாங்கிக்கொண்டு வருவதே வேலையாகிறது. அவர் என்ன நினைக்கிறார், எதை வைத்து முடிவெடுக்கிறார், எந்த இடத்தில் தயங்குகிறார் என்பதை யாரும் கேட்பதில்லை. உண்மையில் ஆய்வுக்குரிய பொருள் அதுதான். உதவுகிறவரின் அபிப்பிராயம் ஒரு வழக்கையே கவிழ்த்துவிடக்கூடியது.

இதற்கு இரண்டு விரல் சோதனையைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணைப் பரிசோதித்த மருத்துவர், அவர் உடலுறவுக்குப் பழக்கப்பட்டவரா இல்லையா என்று அறிக்கையில் எழுதுவார். அறிவியல் அடிப்படை எதுவும் இல்லாத வழக்கம். பேராசிரியர் சொல்லிக்கொடுத்தார், மாணவர் டாக்டராகி எழுதினார், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு வரியை எடுத்துக்கொண்டு குறுக்கு விசாரணை செய்தார். 2010-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் இதைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டது. மும்பையின் செஹாட் அமைப்பு மருத்துவமனைகளோடு சேர்ந்து, இந்தச் சோதனை இல்லாமலே பரிசோதிக்கும் மாற்று முறையை நடத்திக்காட்டியது. 2013-ல் உச்ச நீதிமன்றம், இந்தச் சோதனை பெண்ணின் அந்தரங்கத்தையும் கண்ணியத்தையும் மீறுகிறது என்றது. 2014-ல் மத்திய சுகாதார அமைச்சகம் வழிகாட்டி நெறிமுறைகளை வெளியிட்டு அதை விலக்கியது. அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, இனி இதைச் செய்கிறவர்மேல் நடத்தை விதிமீறல் என்று நடவடிக்கை வரும் என்றும், மருத்துவப் பாடத்திட்டத்தையே பரிசீலிக்க வேண்டும் என்றும் சொல்ல வேண்டிவந்தது.

நடுவில் இருந்த அந்த எட்டு ஆண்டுகளில் டாக்டர்கள் என்ன நினைத்துக்கொண்டிருந்தார்கள்? சுற்றறிக்கை அவர்கள் கைக்கு வரவே இல்லையா? வந்தும் நம்பவில்லையா? நம்பியும், அச்சடித்த பழைய படிவத்தில் அந்தக் கட்டம் இருந்ததால் நிரப்பித் தொலைத்தார்களா? மூன்றுக்கும் வைத்தியம் வேறுவேறு. முதலாவதற்குத் தபால் செலவு போதும். இரண்டாவதற்குப் பாடப்புத்தகம் மாற வேண்டும். மூன்றாவதற்கு அச்சகத்தில் சொன்னால் தீர்ந்தது. எது என்று தெரிந்துகொள்ள, டாக்டர்களிடம் அவர்கள் மனம் திறக்கும் விதத்தில் கேட்பதைத் தவிர வழியில்லை. உங்கள் ஆய்வின் பயன் இவ்வளவு நேரடியானது.

காகிதத்தில் ஏறாத செய்திகளும் இவர்களிடம் இருக்கின்றன. 2009-ல் லான்செட் மருத்துவ இதழில் பிராச்சி சங்கவி, கவி பல்லா, வீணா தாஸ் மூவரும் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். 2001-ஆம் ஆண்டில் இந்தியாவில் தீக்காயத்தால் இறந்தவர்கள் ஏறத்தாழ 1,63,000 பேர். காவல்துறைப் பதிவில் இருந்ததைப்போல ஆறு மடங்கு. இறந்தவர்களில் சுமார் 1,06,000 பேர் பெண்கள், அவர்களில் பெரும்பாலோர் 15 முதல் 34 வயதுக்கு உட்பட்டவர்கள். பதிவேட்டுக்கும் உண்மைக்கும் நடுவே உள்ள இந்தப் பள்ளத்தின் விளிம்பில் ஒவ்வொரு தீக்காய வார்டிலும் ஒரு நர்ஸ் நின்றுகொண்டிருந்தார். ‘ஸ்டவ் வெடிச்சிடுச்சு’ என்ற வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்பார்? கணவர் கட்டிலோரம் நிற்கும்வரை ஒரு பேச்சு, அவர் டீ குடிக்கப் போனதும் வேறு பேச்சு என்பதையும் அவர் பார்த்திருப்பார். சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் பி.சி.வி.சி. அமைப்பின் ஆலோசகர்கள் வேலை செய்துவந்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவரிடம் போய், ‘குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எந்த ஆண்டு இயற்றப்பட்டது’ என்று சரியான விடையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது அநியாயம்.

இன்னொரு கணக்கும் இங்கே பொருந்தும். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, திருமண உறவில் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் நாட்டளவில் 29.3 சதவீதம், தமிழ்நாட்டில் 38.1 சதவீதம். வன்முறைக்கு ஆளான பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் நாட்டளவில் 14 சதவீதம்தான். 77 சதவீதம் பேர் ஒருவரிடமும் வாய் திறக்கவே இல்லை. உதவி கேட்டவர்களிலும் பெரும்பாலோர் நாடியது பிறந்த வீட்டை. ஆக, கவுன்சலரின் மேசைக்கு முன்னால் வந்து உட்காரும் பெண் அம்மாவிடம் சொல்லிப் பார்த்து, அத்தையிடம் அழுது பார்த்து, ஊர்ப் பெரியவர்கள் பேசியும் பார்த்த பிறகு வந்தவர். அங்கே அவர் காதில் விழும் முதல் நாலு வார்த்தை என்ன என்பதைப் பொறுத்துத்தான் அவர் மறுபடி வருவதும் வராமல்போவதும்.

அந்த நாலு வார்த்தையை எப்படிக் கண்டுபிடிப்பது? ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ முதல் ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை ஐந்து கட்டம் போட்ட தாளால் முடியாது. ‘சில சூழ்நிலைகளில் கணவன் மனைவியை அடிப்பது நியாயமே’ என்று எழுதி நீட்டினால், அந்த வேலையில் இருக்கும் யாரும் மறுப்புக்குத்தான் டிக் போடுவார்கள். அது அவர்களுடைய வேலை. அதே கணக்கெடுப்பில், ஏதாவது ஒரு காரணத்துக்காகக் கணவன் மனைவியை அடிக்கலாம் என்று நாட்டளவில் 45 சதவீதப் பெண்களும் 44 சதவீத ஆண்களும் சொன்னார்கள். ஆலோசகரும் எஸ்.ஐ.யும் மாஜிஸ்திரேட்டும் வானத்திலிருந்து குதித்தவர்கள் இல்லை. இதே வீடுகளிலிருந்து வந்தவர்கள். பயிற்சி வகுப்பு அவர்களுக்குச் சரியான விடையைக் கற்றுத் தந்திருக்கிறது. விடைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேறு கருவி வேண்டும்.

கற்பனைக் கதை அதற்கு நல்ல கருவி. யாருடைய உண்மைக் கதையும் அல்லாத, நீங்களே உட்கார்ந்து புனைந்த ஒரு கேஸ். 32 வயதுப் பெண், பனியன் கம்பெனியில் வேலை. மூன்றாம் முறையாக மையத்துக்கு வருகிறார். முந்தைய இரண்டு முறையும் கணவரோடு திரும்பிப் போனவர். இந்த முறை பல் உடைந்திருக்கிறது. ‘கேஸெல்லாம் வேண்டாம், அவரைக் கூப்பிட்டு ஒரு தடவை மிரட்டிவிடுங்க, போதும்’ என்கிறார். முதலில் என்ன செய்வீர்கள்? யாருக்குப் போன் போடுவீர்கள்? கணவர் குடித்திருந்தால்? அந்தப் பெண்ணோடு அவருடைய 13 வயது மகனும் வந்திருந்தால் உங்கள் முடிவு மாறுமா? இந்த ஒரே கதையைப் பத்து ஊர்களில் பத்துப் பேரிடம் சொல்லிப் பாருங்கள். ‘பாவம்மா’ என்று ஒருவர் தொடங்குவார். ‘இதோட மூணாவது தடவை, இவங்களுக்கே அக்கறையில்லையே’ என்று இன்னொருவர். சட்டப் பிரிவைச் சொல்லாமல், மகனை எங்கே தங்கவைப்பது என்று முதலில் யோசிக்கிறவர் ஒருவர் இருப்பார். அவரிடம் கூடுதல் நேரம் உட்காருங்கள், விஷயம் தெரிந்தவர்.

கதையில் அந்தப் பையன் எதற்கு என்று உங்களுக்குப் புரியாவிட்டால், நீங்கள் இன்னும் ஒரு மையத்திலும் ஒரு முழுநாள் உட்கார்ந்ததில்லை என்று பொருள். பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியில் 2015-ல் தொடங்கிய ‘சகி’ என்னும் இந்த ஒருங்கிணைந்த சேவை மையங்களில் மருத்துவம், காவல், சட்ட உதவி, மனநல ஆலோசனை, தங்குமிடம் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே என்பது ஏற்பாடு. அங்கே ஒரு பெண் தங்கலாம். ஆனால் பொதுவாக ஐந்து நாள்தான். மகள் எந்த வயதானாலும் கூட இருக்கலாம். குறிப்பிட்ட வயதைத் தாண்டிய மகன் இருக்க முடியாது. மகனை விட்டுவிட்டு எந்தத் தாய் வருவார்? சட்டத்தில் அவருக்குப் பாதுகாப்பு ஆணை, வசிப்பிட ஆணை, பண உதவி எல்லாம் இருக்கின்றன. அன்றிரவு மகனோடு படுக்க ஓர் இடம் இல்லை. ஆலோசகர் கணவரைக் கூப்பிட்டு, எழுதி வாங்கிக்கொண்டு, சேர்த்து அனுப்பிவைக்கிறார்.

இந்த ‘சேர்த்து வைத்தல்’ உங்கள் ஆய்வேடுகளில் படும் பாடு கொஞ்சமல்ல. ‘ஆலோசகர்களிடம் ஆணாதிக்க மனப்பான்மை நிலவுகிறது’ என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடுகிறீர்கள். சில இடங்களில் அது உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. ‘ஆம்பளைன்னா அப்படி இப்படித்தான் இருப்பான், நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போ’ என்பதை ஆலோசனை என்ற பெயரில் சொல்லும் நாற்காலிகள் நாட்டில் உண்டு. ஆனால் மனப்பான்மையால் சேர்த்துவைத்தவரும், வேறு வழியே இல்லாமல் சேர்த்துவைத்தவரும் உங்கள் அட்டவணையில் ஒரே கட்டத்தில் விழுகிறார்கள். அமெரிக்க அரசியல் அறிஞர் மைக்கேல் லிப்ஸ்கி 1980-ல் எழுதிய நூலில், கடைநிலையில் மக்களை நேரில் சந்திக்கும் ஊழியர்கள் எடுக்கும் அன்றாட முடிவுகள்தான் நடைமுறையில் அரசின் கொள்கை ஆகின்றன என்று வாதிட்டார். நேரமும் இடமும் ஆளும் பற்றாதபோது அவர்கள் தங்களுக்கென்று குறுக்குவழிகளை உண்டாக்கிக்கொள்கிறார்கள். குறுக்குவழியைக் குறைசொல்வதற்குமுன், நேர்வழி எங்கே அடைபட்டிருக்கிறது என்று கேட்பது ஆய்வாளரின் கடமை.

அடைப்பு எங்கே என்று சட்டத்தைப் படித்தாலே பாதி தெரியும். 2005-ல் இயற்றி 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டம், மனு வந்தால் பொதுவாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, 60 நாளுக்குள் முடிவு என்று மாஜிஸ்திரேட்டுக்குக் காலக்கெடு வைக்கிறது. 2022-ன் நடுவில் நாடு முழுவதும் இந்தச் சட்டத்தின்கீழ் நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் தேங்கிக் கிடந்ததாக உச்ச நீதிமன்றத்தின் முன் விவரம் வைக்கப்பட்டது. மனுவை எழுத உதவுவது, சம்பவ அறிக்கை தயாரிப்பது, மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புவது, ஆணை நிறைவேறுகிறதா என்று பார்ப்பது எல்லாம் பாதுகாப்பு அலுவலரின் தலையில். மாஜிஸ்திரேட் பாதுகாப்பு ஆணையில் இட்ட கடமையைப் போதிய காரணமில்லாமல் செய்யத் தவறினால், அரசின் முன் அனுமதியோடு அவர்மீது வழக்குத் தொடுக்கலாம். 33-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாதுகாப்பு ஆணையை மீறி மறுபடி அடிக்கும் கணவருக்கு 31-ஆம் பிரிவு வைத்திருக்கும் உச்ச தண்டனையும் அதே ஓராண்டு, அதே 20,000. ஆணையை மீறியவரும் ஆணையில் இட்ட கடமையைச் செய்யத் தவறியவரும் தண்டனையில் சமம். இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று ஒரு பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள், கேள்வித்தாளை மூடிவைத்துவிட்டு.

காவல் நிலையத்துக்குப் போகிறவர்களுக்கும் இதே கதைதான். தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கியது. இன்று இத்தகைய நிலையங்களுக்குப் போனால் எஃப்.ஐ.ஆருக்கு முன்பு மனு விசாரணை, மனு பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது, இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவது என்று ஒரு வரிசை உண்டு. குடும்பத் தகராறுகளில் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றமே இடம் கொடுத்தது. எஸ்.ஐ. அதைச் சட்டமாகச் சொல்கிறாரா, வசதியாகச் சொல்கிறாரா, அனுபவமாகச் சொல்கிறாரா என்று பிரித்துக் கேட்கத் தெரிய வேண்டும்.

கேட்கும் அறையில் யார் இருக்கிறார்கள் என்பது அடுத்த விஷயம். உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் குடும்ப வன்முறை பற்றி நடத்திய ஆய்வில், பேட்டி நடுவே யாராவது உள்ளே வந்தால், கேட்பவர் உடனே வேறொரு போலிக் கேள்வித்தாளுக்கு மாறி, சாதாரணக் குடும்ப நலம் பற்றிப் பேசத் தொடங்கிவிட வேண்டும் என்று பயிற்சி கொடுத்தார்கள். நம் தேசியக் கணக்கெடுப்பிலும் ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம்தான் வன்முறைக் கேள்விகள் கேட்கப்படும். தனிமை கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியையே விட்டுவிடுவார்கள். பாதிக்கப்பட்டவருக்குக் காட்டும் இந்த அக்கறையில் கால்வாசியை ஆலோசகருக்கும் காட்டலாம். மேலதிகாரியிடம் அனுமதிக் கடிதம் வாங்கி, அவருடைய அறையிலேயே நாற்காலி போட்டு, அவர் எதிரிலேயே ‘உங்களுக்கு மேலிடத்து ஒத்துழைப்பு எப்படி’ என்று கேட்டால் என்ன பதில் வரும்? சேவை மைய ஊழியர்கள் ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்கிறவர்கள். புதுப்பிக்க வேண்டிய ஒப்பந்தத்தை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறவர் சொல்லும் ‘நல்ல ஒத்துழைப்பு’ எந்த வகைத் தரவு?

பெயரை மறைத்துவிட்டோம் என்று நீங்கள் நினைப்பதும் பல நேரங்களில் வீண் நம்பிக்கை. ‘ஒரு மாவட்டத்தின் பாதுகாப்பு அலுவலர், பெண், வயது 44, பத்தாண்டு அனுபவம்’ என்று எழுதினால், துறையில் உள்ள எல்லோருக்கும் அது யார் என்று தெரியும். மாவட்டத்துக்கு ஒருவரோ சிலரோ மட்டும் இருக்கும் பதவியில் வயதும் அனுபவமும் பெயரைவிடத் துல்லியமான அடையாளம். மாவட்டம், வயது, பணிக்காலம் மூன்றையும் ஒன்றாக அச்சிட வேண்டிய அவசியம் எந்த ஆய்வுக்கும் கிடையாது. அட்டவணை அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

‘ஒரு நல்ல கேஸ் சொல்லுங்க மேடம்’ என்று கேட்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். நல்ல கேஸ் என்றால் உங்களுக்கு என்ன பொருள் என்று அவர்களுக்குத் தெரியும்: வாசித்தால் நெஞ்சு பதற வேண்டும். பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் பெயரையோ, அடையாளம் காட்டக்கூடிய எதையுமோ வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி குற்றம். குழந்தையாக இருந்தால் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் சேரும். 2018-ல் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம், பெயரை விட்டுவிட்டு மற்ற விவரங்களைக் கொட்டுவதும் அடையாளம் காட்டுவதே என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. ஊர், சாதி, பள்ளி, செய்தியில் வந்த தேதி எல்லாவற்றையும் எழுதிவிட்டு ‘பெயர் மாற்றப்பட்டுள்ளது’ என்று அடைப்புக்குறி போட்டால் பாதுகாப்பு ஆகிவிடாது.

போக்சோ என்றதும் உங்களையே தொடும் ஒரு விஷயம். அந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, குழந்தைமீது குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. சொல்லாவிட்டால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ‘எவரும்’ என்றால் ஆய்வு மாணவரும்தான். ஒரு பள்ளி ஆலோசகர் பேட்டியின் நடுவே, இன்னும் புகாராகாத ஒன்றை மனபாரத்தில் சொல்லிவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ‘நீங்கள் சொல்வது அனைத்தும் ரகசியமாகக் காக்கப்படும்’ என்று ஒப்புதல் படிவத்தில் அச்சடித்தது பொய்யாகிவிடும். இந்த விதிவிலக்கைப் படிவத்தில் எழுதி, பேட்டிக்குமுன் வாயாலும் சொல்ல வேண்டும். இந்தக் கட்டாயம் பற்றி உதவுகிறவர்களுக்குள்ளேயே கடும் கருத்து வேறுபாடு உண்டு. விரும்பிப் பழகிக் கர்ப்பமான 17 வயதுப் பெண் டாக்டரிடம் வருவதற்கே பயப்படுகிறாள் என்பது ஒரு தரப்பு. கட்டாயம் இல்லாவிட்டால் குடும்பமே சேர்ந்து மூடி மறைத்துவிடும் என்பது மறு தரப்பு. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் பெயரைக் காவல்துறை அறிக்கையில் டாக்டர் தவிர்க்கலாம் என்று ஒரு நடுவழி காட்டியது. அந்த நடுவழி அரசு மருத்துவமனையின் மகப்பேறு பிரிவில் எப்படி நடக்கிறது என்பது முழு ஆய்வேட்டுக்கு உரிய கேள்வி. யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

களைப்பைப் பற்றியும் கேட்கிறீர்கள். ‘பணி அழுத்தம்’ என்ற தலைப்பில், மதிப்பெண் போட்டு. அடுத்தவர் துயரத்தைத் தொடர்ந்து கேட்பதால் கேட்பவரின் உலகப் பார்வையே மாறிப்போவதைப் பற்றி அமெரிக்க உளவியலாளர்கள் லிசா மெக்கானும் லாரி ஆன் பேர்ல்மனும் 1990-லேயே எழுதினார்கள். அதற்குப் பிறகு உலகெங்கும் ஆய்வாளர்கள் உதவுகிறவர்களிடம் போய், உங்களுக்கு எங்கே வலிக்கிறது என்றே கேட்டார்கள். வலி கிடைத்தது. கொலம்பியாவில் அரசியல் வன்முறைக்கு ஆளானவர்களோடு வேலை செய்த சிகிச்சையாளர்களிடம் ஹெர்னாண்டஸ், கேங்சி, எங்ஸ்ட்ராம் என்ற மூவர் கொஞ்சம் அகலமாகக் கேட்டபோது வேறொன்று கிடைத்தது: தங்களிடம் வந்தவர்கள் எழுந்து நிற்பதைப் பார்த்துப் பார்த்துத் தங்களுக்கும் தெம்பு கூடியதாக அவர்கள் சொன்னார்கள். 2007-ல் அது ஒரு புதிய கருத்தாக்கமாகவே அச்சேறியது. நம் ஊர் ஆலோசகர்களிடம் கேட்டால் என்ன வரும்? சாவும் அடியும் கேட்டுக் கேட்டுக் களைத்தேன் என்பதைவிட, மாதக் கடைசியில் நிரப்பும் படிவங்களும், வராத வாகனமும், ‘உங்களால்தான் குடும்பம் பிரிந்தது’ என்று வாசலில் வந்து கத்தும் மாமனாரும்தான் களைப்புக்குக் காரணம் என்று சொல்லக்கூடும். உங்கள் கேள்வித்தாளில் அதற்கு இடம் இருக்கிறதா?

கேட்கப் போகிற உங்களுக்கும் இது வலிக்கும். ரெபெக்கா கேம்ப்பெல் என்ற அமெரிக்க உளவியலாளர், பாலியல் வன்முறையை ஆய்வு செய்த தம் குழுவினரே எப்படிப் பாதிக்கப்பட்டார்கள் என்று 2002-ல் ஒரு புத்தகம் எழுதினார். இருபத்திரண்டு வயதுப் பிள்ளையை ஒரு ரெக்கார்டரோடு தனியாக அனுப்பிவிட்டு, திரும்பி வந்ததும் ‘எத்தனை சாம்பிள் முடிஞ்சது’ என்று மட்டும் கேட்கும் வழிகாட்டிகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அந்த ரெக்கார்டர் எங்கே போகிறது என்பது தனிக் கவலை. பல்கலைக்கழக வாசலில் இருக்கும் டி.டி.பி. சென்டரில் பென் டிரைவைக் கொடுத்து, பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசி, டைப் அடித்து வாங்குவது நெடுநாள் வழக்கம். பாதுகாப்பு அலுவலர் நம்பிச் சொன்னதெல்லாம் அந்தக் கடையின் கணினியில் ‘நியூ ஃபோல்டர் 7’ என்று கிடக்கும். இப்போது இலவசச் செயலியில் ஏற்றிவிட்டால் நொடியில் எழுத்தாகிவிடுகிறது என்கிறார்கள். அது யாருடைய சர்வரில் போய்ப் படுக்கிறது? ஒலிப்பதிவை நீங்களே கேட்டு எழுதுங்கள். கை வலிக்கும், ஆனால் பேசியவர் எந்தக் கேள்விக்குப் பிறகு நிறுத்தி மூச்சு வாங்கினார் என்பது அப்போதுதான் பிடிபடும்.

உதவுகிறவர்களின் பார்வையை முதலில் கேட்டு, அதன்மேல் கட்டிய ஏற்பாடுகளும் உண்டு. பாந்த்ராவின் பாபா மருத்துவமனையில் 2000-த்தில் செஹாட்டும் மும்பை மாநகராட்சியும் தொடங்கிய ‘திலாசா’ மையம், மருத்துவமனையின் சொந்த ஊழியர்களைப் பயிற்றுவித்தது. எலும்பு முறிவோடு வரும் பெண்ணிடம் புற நோயாளிப் பிரிவில் எப்போது, எப்படிக் கேட்கலாம் என்பதை நர்ஸ்களும் டாக்டர்களுமாகச் சேர்ந்து உருவாக்கினார்கள். பிறகு அது மும்பையின் வேறு மருத்துவமனைகளுக்கும் பரவியது. இலங்கையின் அரசு மருத்துவமனைகளில் ‘நட்பு நிலையம்’ என்ற பெயரில் இயங்கும் மையங்களும் இதே வகையைச் சேர்ந்தவை. வடக்கிலும் கிழக்கிலும் படிக்கும் மாணவர்கள் அங்கே பணியாற்றும் மருத்துவ அலுவலர்களையும் தாதியரையும் கேட்டால், நாம் இங்கே கற்றுக்கொள்ள நிறைய இருக்கும்.

வைவா முடிந்ததும் ஆய்வேட்டைத் தங்க எழுத்தில் பைண்டு செய்து நூலகத்துக்கு ஒன்று, துறைக்கு ஒன்று, வீட்டு அலமாரிக்கு ஒன்று வைக்கிறீர்கள். பதில் சொன்னவருக்கு ஒன்றும் போவதில்லை. சமர்ப்பிப்பதற்குமுன் நாலே பக்கத்தில், தமிழில், அட்டவணை இல்லாமல் எழுதி அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். ‘நான் இப்படிச் சொல்லவில்லையே’ என்று ஒருவர் சொன்னால் அந்தப் பக்கத்தைத் திருத்துங்கள். ‘இதைச் சொன்னேன், ஆனால் போட வேண்டாம்’ என்றால் எடுத்துவிடுங்கள்.

தலைப்பு தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மாநிலங்கள் எல்லாம் மாவட்ட அளவிலும் வட்ட அளவிலும் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டுத் துறை அலுவலர்களைப் பாதுகாப்பு அலுவலர்களாக நியமிக்க வேண்டும் என்றும், செய்யாத இடங்களில் ஆறு வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்றும் ஆணையிட்டது. நேற்றுவரை வேறு கோப்பு பார்த்துக்கொண்டிருந்த ஓர் அலுவலரின் மேசைக்கு இதனால் அடிபட்ட பெண்ணின் மனு வந்து சேரும். அவருக்குப் பயிற்சி கிடைத்ததா, வாகனம் உண்டா, பழைய வேலை குறைந்ததா, 33-ஆம் பிரிவைப் பற்றி யாராவது அவருக்குச் சொன்னார்களா? உங்கள் வட்டத்தில் அந்தப் பொறுப்பு யாரிடம் வந்திருக்கிறது என்று விசாரித்து, மனுதாரர் கூட்டம் இல்லாத ஒரு பிற்பகலில், மேலதிகாரி இல்லாத அறையில், அவரைப் போய்ப் பாருங்கள்.